சேரன்மாதேவிக்காரி என்பதற்காக நிறுத்தாதே

அம்பாசமுத்திரம்

அன்பு மகன் மகேஸ்வரனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நானும் உன் அக்கா பிரம்மநாயகியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கனடாவில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். பாபநாசத்தில் தண்ணீர் திறந்து இங்கே நடவு நடக்கிறது, எனக்குத்தான் நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், அக்கா படமெடுத்து அனுப்புவாள்.

என் பேத்தி பிருந்தா மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வரமாட்டேன் என்கிறாள் என்று நேற்று உன் பெண்டாட்டி போனில் அழுதாள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆளாகவும் வீட்டில் ஒரு ஆளாகவும் இருந்து சோர்ந்துபோன பிள்ளை. முதலில் பார்த்த வெள்ளைக்கார கவுன்சிலர் வீட்டை விட்டுத் தனியாகப் போ என்றாளாம். அடுத்துப் பார்த்த நம் பக்கத்துக் கவுன்சிலர் இந்தச் சித்ரலேகா, அப்பாவை விடாமலே அப்பாவிடம் எப்படி வாய் திறப்பது என்று சொல்லித் தருகிறாளாம், சொந்தக்காரர்களுக்குப் பயப்படுவது ஏன் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லையாம். பிள்ளை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளிடம் போவதை நீ நிறுத்திவிட்டாய். கேட்டால், "அவ சேரன்மாதேவி வைத்தியலிங்கம் பேத்தியாம்மா, நம்ம வீட்டு விஷயம் ஊரெல்லாம் போயிரும், நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ள பாக்காண்டாமா" என்று குதிக்கிறாய்.

வைத்தியலிங்கத்தை உனக்கு என்ன தெரியும்? அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையனின் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவரிடம்தான் போய் ஆள் எப்படி என்று விசாரித்தேன். "அடுத்த வீட்டுச் சங்கதி நம்ம வாயில வராது தாயி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்தப் பையன் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதைத் தினமும் பார்த்த மனுஷன். ஒரு சொல் விட்டிருந்தால் என் பிள்ளை ஒரே வருஷத்தில் திரும்பி வந்திருக்க மாட்டாள். அவர் செத்ததற்கும் நான் போகவில்லை, அந்த வீட்டை மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் ஏலே, கழுத்தை நெரித்தாலும் அடுத்தவர் சங்கதியை வெளியே விடாத வீடு அது. விடுகிறவர்கள் நம் வீட்டில்தான். குடும்ப வாட்ஸாப்பில் பிருந்தாவுக்கு மனசு சரியில்லை, அர்ச்சனை பண்ணுங்கள் என்று போட்டது சித்ரலேகாவா, நீயா?

இந்தச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போ. அவள் உள்ளே பேசும்போது கதவுப் பக்கம் நிற்காதே, வரும் வழியில் என்ன பேசினாய் என்று நோண்டாதே. என்னைப் பற்றிக் குறை சொன்னாலும் சொல்லட்டும், அது எனக்கும் வர வேண்டாம். பிள்ளை உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று மட்டும் எழுது.

காந்திமதியம்மை உங்களைக் காப்பாள்.

உன் அம்மா,
பேச்சித்தாய்