நாலாவது எழுத்தில் போன கரண்ட்

என் உயிரான ரோசி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோதும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? இப்போது எழுத உட்கார்ந்தால், உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று முதலில் வந்து நிற்கிறது. அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறு.

பாப்பிரெட்டிப்பட்டியில் உன் வீட்டு முன்னறையை நான் எப்படி ஆக்கி வைத்திருந்தேன் என்பது நினைவிருக்கிறதா? அரூரில் தாலுகா ஆபீஸ் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், சட்டையைக்கூட மாற்றாமல் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் கட்டையைச் சூடேற்ற உட்கார்ந்துவிடுவேன். பிரித்துப் போட்ட ரேடியோ, நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர், மூடி இல்லாத டேப் ரிக்கார்டர். கூட்டுவதற்குத் துடைப்பத்தோடு வரும் நீ வாசலிலேயே நின்று கத்துவாய். "டேய் ஞானம், இது வூடா இல்ல பழைய இரும்புக் கடையாடா? ஒரு ஒயர மிதிச்சா மூணு பொட்டி கத்துது!"

ஆனால் டிவி வாங்கியபோது என்னைவிட நீதான் துள்ளினாய். பெங்களூர்ப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்ப நான் மாடியில் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ கீழே டிவி முன்னால் நின்று குரல் கொடுப்பாய்.

"வருதாக்கா?"

"வரலே! இன்னும் திருப்பு!"

"இப்ப?"

"வருது வருது... ஐயோ, போச்சுடா!"

எண்பதுகளின் நடுவில் நம் ஊரில் டிவி பார்ப்பது என்றால் இரண்டு பேர் செய்யும் வேலை. நம் வீட்டில் அந்த இரண்டு பேர் நீயும் நானும்.

அதற்கு அடுத்த வருடம் பெங்களூர் போய், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தேன். நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பட்டன்கள். டிவிதான் அதற்குத் திரை. டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள்தான் புரோகிராம் இருக்கிறது. ஐந்தாறு நிமிடம் ஓடி உள்ளே ஏற வேண்டும். நடுவில் கொஞ்சம் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ காதைப் பொத்திக்கொண்டு சொன்னாய்: "மாவு மில்லுல ஆணி வுழுந்த மாதிரி கத்துதேடா. இதுக்கா சண்ட போட்டு லீவு வாங்கிட்டுப் போன?"

நான் கேசட்டைத் திருப்பிச் சுற்றி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்தாய். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. சேலத்தில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். "எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாதுங்க. கை அசஞ்சாக்கூட அது நரம்பு இழுப்பா இருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் தெரியாது என்றுதான் சொன்னார். நாங்கள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

முன்னறையில் என் சாமான்களை ஒதுக்கிவிட்டு உனக்குக் கட்டில் போட்டோம். வருகிறவர்கள் எல்லாம் உன் தலைமாட்டில் நின்றே உன்னைப் பற்றிப் பேசினார்கள். உன் கல்யாணப் புடவையையே கட்டி அனுப்பலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். நானும் பேசினேன், அக்கா. ஃபாதர் வந்து செபம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, உன் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று, "இப்படிக் கெடக்கறதுக்கு ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாலே தேவலாங்க ஃபாதர்" என்றேன்.

அந்த வாரமே அடித்த காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டது. உன் மகள் லில்லி துணி துவைக்கப் போயிருந்தாள், உன் வீட்டுக்காரர் சவரி மாமா மரவள்ளிக் காட்டில் இருந்தார். நான் மாடி ஏறித் திருப்பிவிட்டு, பழக்கத்தில் கத்தினேன்: "வருதாக்கா?"

கத்திய பிறகுதான் உறைத்தது. கீழே இறங்கி வந்தேன். டிவியில் படம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. உன் கண் அதன்மேல் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் மேலே தூக்கியபடி நின்றது.

நரம்பு இழுப்பா? திரும்ப மாடிக்கு ஓடி ஆன்டெனாவை வேண்டுமென்றே தப்பாகத் திருப்பினேன். "இப்ப வருதாக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடி வந்தேன். திரை முழுக்கப் புள்ளி. விரல் படுத்திருந்தது. இப்படி ஐந்து முறை ஏறி இறங்கினேன். ஐந்து முறையும் நீ சரியாகச் சொன்னாய். அப்புறம் உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீயும் அழுதாய், இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

சவரி மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அக்கா. காடு, இரண்டு மாடு, படுக்கையில் பெண்டாட்டி, பதினெட்டு வயதில் மகள் என்று தூக்கமில்லாமல் திரிந்த மனிதர். "விரல் ஆடுதுன்னு நானும் பாத்தேன் மச்சான். டாக்டரு சொன்னாருல்ல. வீணா ஆசைய வளத்துக்காத" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் லில்லிக்கு அரூரிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், கடை வைத்திருந்தார்கள். புதன்கிழமை உறுதி செய்ய வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லில்லிக்கோ சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் வந்திருந்தது. "ரோசி கண்ண மூடறதுக்குள்ள ஒரு நல்லது நடந்துடட்டும்" என்றார் மாமா. அவளைப் படிக்க வைக்க வேண்டும் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஆயிற்றே! அக்காவைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்று நான் சண்டை போட்டேன். "கேளேன். அவ சொல்லிட்டா நான் மறுக்கல" என்றார்.

விரல் ஆட்டினால் நம்ப மாட்டார். எழுத்தாக வந்தால்? நீ ஐந்தாவதுவரை படித்தவள், ஆனால் தமிழ் மட்டும். அந்தப் பெட்டிக்கோ இங்கிலீஷ் மட்டும். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து உள்ளே ஏற்றினேன். ண அந்தக் கட்டத்துக்குள் அடங்கவே இல்லை, கடைசியில் ஒரு சுழியைச் சப்பையாக்கி நுழைத்தேன். கொம்பு, கால் எல்லாம் போட எனக்குத் தெரியவில்லை. உயிர் தனி, மெய் தனி. படிக்கிறவர் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்க, ஒரு கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது நீ அமுக்க வேண்டும். ரப்பர் பட்டன் உன் விரலுக்குக் கடினம் என்பதால் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயர் இழுத்து, வாசல் மணிக்கு வைக்கும் சுவிட்சை உன் கைக்குள் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்தோம். கேசட் கீச்சிட்டு ஏறியது. மாமா கட்டில் ஓரத்தில், நான் டிவி பக்கத்தில், லில்லி அடுக்களை வாசலில்.

"ரோசி, லில்லிய அரூர்ல குடுக்கலாம்னு இருக்கறேன். நீ என்ன சொல்ற?" என்றார் மாமா, யாரோ தெரியாதவரிடம் பேசுவதுபோல.

கறுப்புக் கட்டம் நகர்ந்தது. இரண்டு முறை வரிசை முழுக்கப் போய்த் திரும்பியது. மூன்றாவது முறை நீ அமுக்கினாய். வ. மாமா எழுந்தே விட்டார். அப்புறம் ஏ. அப்புறம் என் சப்பைச் சுழி ண. அப்புறம் ட.

கரண்ட் போய்விட்டது.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. உள்ளே ஏற்றியதெல்லாம் அழிந்தது. திரை தெரிய ஜன்னலைச் சாத்தியிருந்த இருட்டறையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்ட.

"வேண்டும்ங்கறா" என்றார் மாமா.

"வேண்டாம்ங்கறா! அதுக்கு மேல என்ன எழுத்து வேணும்?" என்றேன் நான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

உன்னிடமே கேட்டோம். வேணும்னா விரலைத் தூக்கு என்றார் மாமா. நீ தூக்கவில்லை. வேணாம்னா தூக்குக்கா என்றேன். அப்போதும் தூக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்டோம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மாமா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நாலு எழுத்து தற்செயலா விழுந்துருக்கு மச்சான்" என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கரண்ட் திரும்பியபோது நீ தூங்கிவிட்டிருந்தாய்.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போகவில்லை. காலையிலேயே கேசட்டை ஏற்றினேன். மாமா காட்டுக்குக் கிளம்பியவர், போக மனமில்லாமல் கதவோரம் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவிட்சைக் கையில் வைத்ததும் நீயே ஆரம்பித்தாய். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் லில்லி என்று மகள் பெயர் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. பத்து எழுத்து முடிந்ததும் மாமாதான் சேர்த்து வாய்விட்டுப் படித்தார்:

"லில்லிய கேளு."

வேண்டும் என்று அவரும் வேண்டாம் என்று நானும் போட்ட சண்டையில், இரண்டு பேரில் ஒருவர்கூட அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. படிக்க வைத்தே தீருவேன் என்று குதித்த நான், படிக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை, அக்கா. முந்தின நாள் நீ ஆரம்பித்தது 'வேண்டுமா என்று அவளைக் கேள்' என்பதாக இருக்குமோ? பிறகு எத்தனையோ பேசினோம். ஏனோ இதை மட்டும் உன்னிடம் கேட்கவே இல்லை.

மாமா திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

லில்லி ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத்தன நாளா யாருமே கேக்கலியேப்பா. மாமா, நீங்களும் கேக்கலை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்: "நர்ஸுக்குப் படிக்கணும்ப்பா. ஆனா இந்த வருசம் இல்ல. அம்மாகூட இருக்கணும். அடுத்த வருசம் மறுபடி எழுதிப் போடறேன். கல்யாணம் அப்பறம் பாக்கலாம்."

உன் கட்டைவிரல் தூக்கி நின்றது. சவரி மாமா அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. புதன்கிழமைக்கு முன்பே அவரே அரூருக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு உன் வாயை யார் மூட முடிந்தது? குழம்பில் உப்பு கம்மி. மாட்டுக்குத் தவிடு வை. ஞானம் தலைய வெட்டு. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கத் தெருவே வந்து உட்கார்ந்திருக்க, நீ அரை மணி நேரமாக எழுதிக்கொண்டிருந்ததை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வந்த செய்தி: "படத்த போடு."

ஒரு மத்தியானம் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நீ எழுதினாய்: "எல்லாம் கேட்டேன்." மறுபடி எழுதினாய்: "நீ சொன்னதும்." நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. நிமிர்ந்தபோது திரையில் இருந்தது: "பரவால்ல. சாப்டியா."

அன்றைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சு போனது உனக்கா எனக்கா? இத்தனை வருடம் கழித்து எழுத்தில் கேட்கிறேன். மன்னித்துக்கொள், அக்கா.

அடுத்த மாங்காய்ப் பருவத்தில் நீ போனாய். அந்த வருடமே லில்லி சேலம் போனாள். இப்போது தருமபுரியில் பெரிய நர்ஸம்மா. நடக்கும்போது உன்னைப் போலவே தரை அதிர்கிறது. இரண்டு பிள்ளைகள். மாமா கடைசிவரை அவள் வீட்டில்தான் இருந்தார், மரியாதையாகப் போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் அவரே உன்னிடம் சொல்லியிருப்பார்.

போன வாரம் லில்லி போன் செய்தாள். அவள் வார்டில் லாரி லோடு ஏற்றுகிற ஒருவர், பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுத்திருக்கிறாராம். ஒன்றும் புரியவில்லை என்று வீட்டார் சொல்கிறார்களாம். "அவரு கண்ணப் பாத்தா எனக்கு அப்படித் தோணல மாமா. ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?" என்றாள். இந்தக் காலத்தில் போனிலேயே தமிழ் எழுத்து கொம்பும் காலுமாக முழுசாக வருகிறது. எழுபது வயதில் பஸ் ஏறுவதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை போகிறேன், அக்கா. உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன்: அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பற்றி யாரையும் பேச விடமாட்டேன். எத்தனை மணி நேரம் ஆனாலும் அவர் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். பாதியில் நின்றால், மீதியை நான் போட்டு முடிக்க மாட்டேன்.

என்றும் உன் திட்டுக்கு ஏங்கும் தம்பி,
ஞானம்