மாமனார் கத்தியின் முத்திரை

ஏப்ரல் 4

கோபித்துக்கொண்டு போன என் அன்பு மனைவிக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? அப்பா வீட்டில் உனக்கென்ன, ராஜோபசாரம். இங்கே மூன்று வேளையும் ரொட்டிதான். பழம்பொருள் கடை நிறையக் கத்தி வைத்திருப்பவனுக்கு வெங்காயம் நறுக்கத் தெரியவில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். எதிரிப்படை அதிகாரியோடு கட்டிப்புரண்டு பிடுங்கியதாக மாமா சொல்லும் கத்தி, நம் படைக் கத்தி மாதிரி இருக்கிறது. அதைப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு. ஒரு உதவி செய். பிடியை ஒட்டி, அலகின் இரண்டு பக்கமும் முத்திரை குத்தியிருப்பார்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பு. எதிரிக் கத்திதான் என்றால் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சாம்பல் போட்டுத் துலக்கிவிடாதே!

இப்படிக்கு,
ரொட்டி தின்னும் உன் கணவன்

ஏப்ரல் 9

ஆராய்ச்சிக்காரருக்கு,

அப்பா குறட்டை விடும் நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். பென்சில் கிடைக்கவில்லை, என் புருவப் பென்சில்தான் பாழானது. ஒரு பக்கம் முக்கோணத்துக்குள் நட்சத்திரம். மறுபக்கம் 7/212. தாள் இதோடு இருக்கிறது.

நீங்கள் பந்தியில் சொன்ன அன்றிலிருந்து அப்பா அந்தக் கதையையே சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டாலும், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்கிறார். எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 13

என் கண்ணே,

ஜெயித்துவிட்டேன்! அந்த நட்சத்திரம் நம் படைக்குக் கத்தி அடித்த பட்டறையின் முத்திரை. எண் படையின் ஆயுத ஸ்டோரில் குத்தியது. 7 என்றால் ஏழாம் படைப்பிரிவு, மாமாவின் சொந்தப் பிரிவு! எதிரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாமா ஸ்டோரிலிருந்து சுட்டிருக்கிறார்! எப்போது வருகிறாய்?

வெற்றி பெற்ற உன் கணவன்

ஏப்ரல் 17

வெற்றி வீரருக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் அப்பா கையில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை எழுத்தாயிற்றே என்று ஆசையாகப் பிரித்திருக்கிறார். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"கத்தி மேல ஆசை வந்துடுச்சும்மா. எதிரி பிடுங்கிட்டான்னு ஸ்டோர்ல எழுதிக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்தா உங்கம்மா, ஏதுங்க இதுன்னா. எதிரிகிட்ட பிடுங்கினேன்னுட்டேன். அந்த எதிரியை நான் பார்த்ததே இல்ல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை எல்லார்கிட்டயும் சொல்லிடுவாரா?" என்று கேட்டார். அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். கத்திப் பேச்சு கட்டாயம் வரும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட முடியும் என்றால் வாருங்கள். முடியாதென்றால் வர வேண்டாம். நானும் அங்கே வருவதாக இல்லை.

உங்கள் மனைவி

ஏப்ரல் 24

என் அன்புக் கணவருக்கு,

வாயை மூடச் சொன்னால், பேசியே விட்டீர்கள். "நம்ம படைக் கத்தின்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?" என்று சித்தப்பா கிளறியதும், அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நீங்களோ கத்தியை வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, "தப்பாச் சொல்லிட்டேன். முத்திரையைப் பாத்துட்டேன், எதிரிப்படையோடதுதான்" என்றீர்கள். துருப்பிடித்த ஆணியைக்கூடப் பொய் சொல்லி விற்காத மனிதர்! காதுவரை சிவந்துபோய், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் பிடித்து ஓடிவிட்டீர்கள். கல்யாணத்தன்றுகூட உங்களை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

பெட்டி கட்டிவிட்டேன். சீக்கிரம் வந்து அழைத்துப் போங்கள். அப்பா காலையிலிருந்து கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "மாப்பிள்ளை இதுல பெரிய நிபுணராச்சே, அவரே சொல்றாருன்னா, சண்டை போட்டதை நான்தான் மறந்துட்டேனோ?" என்கிறார்.

என்றும் உங்கள்,
மனைவி