மலைக்கோயிலில் எனக்கு ஏற்றிய விளக்கு

அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிடுகிறேன். முகவரி எப்படிக் கிடைத்தது என்று பதறாதே. உன் மாமியார்தான் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வராமல் போகக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

அன்று காலை ஓட்டல் வாசலில் சுற்றுலா பஸ் நின்றதும், வழக்கம்போல் கீழே நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். உன் மாமியார் ஏறினார், உன் மகள் ஏறினாள், பின்னால் நீ. உன் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகம். என் கை நீண்டபடியே நின்றது. நீ கம்பியைப் பிடித்து ஏறி, "எங்க சீட் எது, கைடு?" என்று கேட்டாய். ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவள் உனக்குக் கைடு! கூட்டத்தில் சங்கடப்படுகிறாய், இறங்கியதும் தனியாக வந்து பேசுவாய் என்று நினைத்தேன். நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் பார்.

பஸ்ஸை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவரைக் கட்டிக்கொண்டதற்காகத்தானே என்னைத் தலைமுழுகினீர்கள். கண்ணாடியில் உன்னைப் பார்த்தவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் உன் மாமியாருக்குக் குமட்டியது. முன் சீட்டுக்கு அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். "எங்க மருமகளுக்கும் ஒரு தங்கச்சி இருந்தாளாம்மா. இருந்திருந்தா உன் வயசுதான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டாளாம். அந்தப் பேச்சை எடுத்தாலே இவ எழுந்து போயிடுவா" என்றார். இடப்பக்கம் பள்ளத்தாக்கைப் பாருங்கள் என்று மைக்கில் சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னேன். யாரோ பேசுவது போல இருந்தது.

"செத்துட்டான்னு நினைச்சுக்கறோம்" என்று அப்பா அன்றைக்குக் கத்தியது எனக்குத் தெரியும். கோபத்தில் வருகிற வார்த்தை, ஆறிவிடும் என்றிருந்தேன். அதற்கொரு காய்ச்சலைத் தயார் செய்து, சம்பந்தி வீட்டில் சொல்லி, கல்யாணத்தையும் நடத்தி முடிப்பீர்கள் என்று கண்டேனா? டாக்டரிடமாவது காட்டினீர்களா, இல்லை அப்படியே விட்டுவிட்டீர்களா? எப்படிச் செத்தேன் என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மலைக்கோயிலில் உன் மாமியார், இறந்தவர்களுக்கு எங்கே விளக்கேற்றலாம் என்று கேட்டார். இடம் காட்டுவது என் வேலை, காட்டினேன். உன் தங்கைக்காக ஏற்றப்போகிறேன் என்றார். மேலே காற்று அதிகம், குச்சி குச்சியாக அணைந்தது. "கொஞ்சம் கை வச்சு மறைம்மா" என்றார். மறைத்தேன். பிறகு உன் பக்கம் திரும்பி, "அவ பேரைச் சொல்லிக் கும்பிடும்மா" என்றார். சுடருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உதட்டை அசைத்தாய், சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாய். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு உன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த நிமிஷம் உன்னை வெறுத்ததுபோல் இதுவரை யாரையும் நான் வெறுத்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர், "செத்துப்போனவ உங்க இலைக்குத் தண்ணி ஊத்திட்டு நிக்கறான்னு போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேலை போய்விடும், சும்மா இருங்கள் என்று அடக்கினேன்.

அருவியில் நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் நீ மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பாறைப் பக்கம் வரக் கூடாது என்று உன் மாமியார் உன்னைத் தள்ளியே நிறுத்தியிருந்தார். குழந்தை என் கையை உதறிவிட்டுப் பாசிப் பாறையில் கால் வைத்தாள், வழுக்கினாள். "பொடிசு! பிடிடீ அவளை!" என்று, வீட்டில் என்னைக் கூப்பிடும் பேரைச் சொல்லி நீ அலறினாய். நீ அலறும்போது என் கை அவள் சட்டையைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் பாறையில் இழுபட்டுக் கரையேறினோம். என் முழங்கையில் இன்னும் காயம் ஆறவில்லை. நீ ஓடி வந்து அவளை வாரிக்கொண்டாய். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

திரும்பும்போது குழந்தை என் மடியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தாள். நீயும் தடுக்கவில்லை, பின்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் மாமியார் மெதுவாக, "உன்னை ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டாளேம்மா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பஸ்ல எல்லாரும் என்னை அப்படித்தாம்மா கூப்பிடுவாங்க. காலையில மைக்ல சொன்னேனே, நீங்க கவனிக்கலை போல" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! உன் மாமியார் தலையாட்டினார். நம்பினாரா, தெரியாது. முகவரி எழுதிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

உன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாக நினைக்காதே. மடியில் இருந்தவள் எழுந்துவிட்டால் அவள் முன்னால் அந்தப் பேச்சு நடக்க வேண்டாமென்று சொன்னேன். நீங்கள் என்னை ஊருக்குச் சாகடித்தீர்கள். அந்த பஸ்ஸில் என்னை நானே சாகடித்துக்கொண்டேன். அதற்கு மட்டும் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

இனி நான் பொய் சொல்வதாக இல்லை. மழைக்காலத்தில் மலைக்குப் பஸ் விடமாட்டார்கள், எங்களுக்கு வேலையும் இருக்காது. அப்போது இருவரும் உன் வீட்டுக்கு வருகிறோம். அதற்குள் உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு. சொல்லாவிட்டாலும் வருவோம்.

ஓட்டல் வாசலில் இறங்கும்போது உன் மாமியார் என் காதோடு, நீ மறுபடி உண்டாகியிருக்கிறாய், அதனால்தான் பாறைப் பக்கம் விடவில்லை என்றார். அதைக் கேட்டதிலிருந்து உன்னைத் திட்டக்கூட முழு மனசு வரவில்லை. திட்ட முடியவில்லையே என்ற கோபம் தனி.

சுகமாகப் பெற்றெடு. இதுவும் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, யாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாலும், அவளைச் சாகடித்துவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கை