அழுங்கு எழுதிய ஏட்டைக் குறித்துக் கல்வாய்க் கோட்டைக்கு விடுத்த ஓலை

வாழ்க நீலந்துறை, வாழ்க கார்வரை நாடு. மலையில் பெய்யும் நீர் மண்ணுக்கும், மண் விளைக்கும் நெல் மக்களுக்கும் தடையின்றிச் சேர்க.

கார்வரை நாட்டை ஆளும் நெடும்பொறைக் கோமானின் திருவுளப்படி, பேரமைச்சர் வெள்ளூர்க் காப்பியர் எழுதுவித்து, வடமலை எல்லையில் கல்வாய்க் கோட்டை காக்கும் படைத்தலைவர், மூன்று போர்களில் முன்னணி நின்றவர், கோமானின் கையால் பொன்வாள் பெற்றவர், மாறவேள் காண விடுத்த ஓலை. உமது மதிலும் குதிரைகளும் கொத்தளங்களும் நலமே நிற்க. உமது இல்லத்தின் நலம் குறித்து இவ்வோலையின் பிற்பகுதியில் எழுதப்படும். ஆகையால் இடையில் நிறுத்தாமல், பிறரை விட்டுப் படிக்கச் சொல்லாமல், உம் கண்ணாலேயே முற்றும் படிப்பீராக.

உமது முதல் ஓலை சென்ற திங்கள் இங்கு வந்தது. தேனடுக்கம் என்னும் மலையூரில் எயிற்றி என்னும் மருந்துக்காரி, விலங்குகளின் கதை என்று ஒரு சுவடி எழுதி ஊர்களில் உலவ விட்டிருக்கிறாள் என்றும், அது கதையன்று, சதி என்றும் எழுதியிருந்தீர். அதன் கடைசி ஏடுகளில் கீரி, முயல், முள்ளம்பன்றி, அணில், உடும்பு, தேவாங்கு, அழுங்கு என்னும் மறைபெயர்களில் எழுவர் கோட்டையைப் பிடிக்கும் வழிகளைப் பேசியிருப்பதாகவும், அவர்களுள் அழுங்கு என்பவன் கோட்டைக்குள்ளேயே இருக்கும் துரோகி என்றும் கண்டிருந்தீர். எயிற்றி அவர்களின் உண்மைப் பெயர்களைச் சொல்ல மறுத்ததால் அவளை வறண்ட நீர்த்தொட்டியில் இறக்கியிருப்பதாகவும், பெயர்கள் கிடைத்ததும் எழுவரையும் கழுவேற்ற ஆணை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். சிறுபிள்ளைக் கதை படிக்க உமக்குப் பொழுதில்லை என்றும், எழுத்தரை விட்டுக் கோட்டை, படை, மதகு என்று வரும் வரிகளை மட்டும் படிக்கக் கேட்டதாகவும் நீரே எழுதியிருந்தீர். அந்த வரியை அரசவை மறக்காது.

நீர் உடன் அனுப்பிய சுவடி, மதிப்போலை நாயகம் நக்கன் அரிஞ்சியாரின் கைக்குப் போயிற்று. அவரை நீர் அறியமாட்டீர். போர்க்களம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுத்தவரல்லர். நாட்டில் எழுதப்படும் ஒவ்வொரு கதைச் சுவடியின் முடிவிலும் இருபது வெற்றேடுகள் கோக்கப்பட வேண்டும், படித்தவர்கள் தம் கருத்தை அவற்றில் எழுத வேண்டும், ஏடுகள் நிறைந்ததும் சுவடி தலைநகராகிய நீலந்துறைக்கு வர வேண்டும் என்பது இந்நாட்டு முறை. அவற்றைப் படித்து, எந்தக் கதைக்கு இன்னும் படிகள் எழுதலாம் என்று கோமானுக்கு அறிவிப்பது அரிஞ்சியாரின் பணி. முப்பது ஆண்டுகளாகப் பிறர் கருத்தைப் படித்தே கண் மங்கியவர் அவர். யார் எழுதியதிலும் ஓர் எழுத்தைத் திருத்தியவரல்லர்.

எயிற்றியின் ஏழு வளைக் கதைக்கு அவர் முன்பே ஐந்து படிகள் எழுதுவித்திருந்தார். கழுதைப்புலி அரசன் காட்டோடையை மறித்து நீரைத் தன் குகைக்குள் தேக்கிக்கொள்ள, ஏழு வளைகளில் வாழும் ஏழு சிற்றுயிர்கள் அதை மீட்கப் புறப்படும் கதை அது. முடிவில் அழுங்கு தன் செதில் உடலை உருட்டிக்கொண்டு மதகின் வாயில் கிடந்து, அதை மூடவிடாமல் தடுத்து, அங்கேயே உயிர்விடும். அதைப் படித்த பெரியவர்களின் கருத்துகளைக் கண்டு அரிஞ்சியார் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. உப்பு வாணிகர் ஒருவர், அழுங்கு சாக இத்தனை ஏடுகள் எதற்கு, மூன்று வரியில் செத்தால் போதாதா என்று எழுதியிருந்தார். பூசகர் ஒருவர், இத்தனை விலங்குகளில் ஒன்றுகூடக் குளித்துவிட்டு உண்ணவில்லையே என்று வருந்தியிருந்தார். ஒரு தாய், கதை கேட்ட நாள்முதல் தன் மகன் வீட்டு எலியை அடிக்க விடுவதில்லை, நெல் எல்லாம் போனபின் இதை எழுதியவளா வந்து சோறு போடுவாள் என்று பொரிந்து தள்ளியிருந்தாள். இந்த வறட்சியில் மலையூர்களுக்கு நீர் விடாமல் மதகை அடைத்து வைத்திருக்கும் உம்மைக் கழுதைப்புலி அரசனோடு ஒப்பிட்டு ஒரு பெரியவரும் ஒரு வரி எழுதவில்லை.

பிள்ளைகளோ நன்று என்று ஒரு சொல் கீறிவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். அரிஞ்சியாருக்கு அது பொறுக்கவில்லை. இனி நன்று, தீது என்பது போதாது, அந்தக் கதைக்குள் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று பிள்ளைகள் எழுத வேண்டும் எனச் சென்ற ஆண்டு ஓர் அறிவிப்பு விடுத்தார். அது ஊர்தோறும் முரசறைந்து சொல்லப்பட்டது. உமது கோட்டை வாயிலிலும் அந்த முரசு ஒலித்தது.

இன்னொன்றும் நீர் அறிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரை ஏட்டில் எழுதினால் அது கூற்றுவன் கண்ணில் படும் என்று மலைநாட்டார் அஞ்சுவர். ஆகையால் அங்கே பிள்ளைகள் கருத்தெழுதும்போது தம் பெயரை விட்டு, கதையில் வரும் ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொள்வர். நீர் கடற்கரை நாட்டில் பிறந்தவர். அங்கே பிள்ளையின் பெயரைப் பிறந்த அன்றே கதவில் செதுக்கி மகிழ்வர். மலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் இந்த வழக்கத்தை நீர் கேட்டறியவில்லை. கேட்டிருந்தால் உமக்கு நீர் இறைக்கும் ஆளே சொல்லியிருப்பான்.

அரிஞ்சியார் உமது பகைவரின் சதியை வரிவரியாகப் படித்தார். அவர்கள் எழுதியபடியே சில இங்கே தரப்படுகின்றன.

முயல் எழுதியது: "நான் அந்தக் கதையில இருந்தா ராசா கோட்டைக்குப் பின்பக்கமா குழி தோண்டிப் போவேன். நான் நல்லாத் தோண்டுவேன். எங்க வீட்டுல தோண்டுனதுக்கு அடி விழுந்துச்சு."

முள்ளம்பன்றி எழுதியது: "என் படையில பதினாலு பேரு. எல்லாம் என் தம்பி தங்கச்சிங்க, அத்தை புள்ளைங்க. ராசாவ உட்கார விடாம குத்துவோம். பெரியவங்ககிட்டச் சொல்லமாட்டோம், சொன்னா ஆடு மேய்க்க அனுப்பிடுவாங்க."

தேவாங்கு எழுதியது: "கதை நல்லா இருக்கு. ஆனா தேவாங்கு பயந்தாங்கொள்ளின்னு எழுதுனது தப்பு. அது மெதுவாத்தான் போகும், பயந்து இல்ல. எயிற்றியக்கா அத மாத்தணும்."

இவற்றுள் உம் எழுத்தர் பொறுக்கியவை கோட்டைக்குப் பின்னால் குழி, பதினான்கு பேர் படை, பெரியவர்களுக்குச் சொல்லக்கூடாது என்பவையே. அரிஞ்சியார் சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பும் மேலாடையும் இன்றி அமைச்சர் மாளிகைக்கு ஓடிவந்தார். என்ன செய்வாய் என்று கேட்டது தாம்தான் என்றும், பிள்ளைகள் கேட்டதற்கு விடை எழுதினார்கள் என்றும், கழு நடுவதானால் முதலில் தமக்கு நட வேண்டும் என்றும் அவர் கூறினார். சொல்லி முடிக்குமுன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எயிற்றியை மேலே ஏற்றி, ஒருவரையும் தொடாமல் மறு ஆணைக்குக் காத்திருக்கும்படி கோமானின் முத்திரையோடு குதிரைவீரன் அந்த நாழிகையிலேயே புறப்பட்டான்.

ஆறு நாள் வழியை அவன் நான்கு நாளில் கடந்தான். அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எயிற்றி இறந்துவிட்டாள்.

உம் காவலர்களிடம் கேட்டறிந்து அவன் கூறியது இது. உணவில்லாமல் எட்டு நாள் அவள் உயிரோடு இருந்தாள். ஒவ்வோர் அந்தியிலும் யாரோ தொட்டியின் மேல்வாய் வழியே ஒரு சுரைக்குடுவையில் நீர் இறக்கி வந்தார்கள். அதை அறிந்த நீர், தேனடுக்கத்துத் திருடன் எவனோ என்று எண்ணி மேல்வாயைப் பலகைக்கல்லால் மூடச் செய்தீர். மூடிய மூன்றாம் நாள் அவள் குரல் நின்றது. அழுங்கு யார் என்று மட்டும் சொன்னால் விட்டுவிடுவதாக மூன்று முறை ஆளனுப்பிக் கேட்டீர். மற்ற பெயர்களையும் சொல்லமாட்டேன், அந்தப் பெயரைப் படைத்தலைவரிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று மூன்று முறையும் அவள் விடை கூறினாள். அதை நீர் திமிர் என்று கொண்டீர்.

அதன் பிறகாவது அடங்கினீரா என்றால், இல்லை. அதே குதிரைவீரனிடம் மறு ஓலை கொடுத்தனுப்பினீர். கோமான் இரக்கப்பட்டு மற்ற அறுவரை விட்டாலும், மதகின் இடம் தெரிந்த உட்பகையாகிய அழுங்கை விடலாகாது என்றும், கோட்டைப் பணியாளர் அனைவரையும் ஒவ்வொருவராகத் தொட்டியில் இறக்கி உண்மையைக் கறக்க ஆணை வேண்டும் என்றும் கேட்டீர்.

அவையில் உம் பக்கம் பேசவும் ஆள் இருந்தனர். பொன்வாள் பெற்ற வீரரின் சொல்லுக்கு எதிரே ஓலை படிக்கும் கிழவரின் சொல் எம்மாத்திரம் என்றனர். அழுங்கு யார் என்று தெரிந்தால் சொல்லுக என்று கோமான் அரிஞ்சியாரைப் பணித்தார். தெரியும் என்றும், ஏட்டில் எழுதித் தரமாட்டேன் என்றும், கோமானின் செவியில் மட்டும் சொல்வேன் என்றும் அவர் மறுமொழி கூறினார். மையேறிய விரலை வரிகளின்மேல் ஓட்டியபடி அந்த ஒற்றை ஏட்டை அவையோர் கேட்கப் படித்தார். அது வருமாறு.

"எனக்கு அழுங்குதான் பிடிக்கும். அது செத்தப்ப நான் சாப்பிடல. ராசா கெட்டவரு இல்லன்னு எனக்குத் தோணுது. அவருக்கு யாரும் கதை சொல்லல, அதான் அப்படி இருக்காரு. எங்கப்பாவும் அப்படித்தான். அம்மா போனதுல இருந்து பேசமாட்டாரு. சாப்பிடும்போதும் பொன்வாளைக் கழட்டமாட்டாரு. எங்க கோட்டையில மதகு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மலையில குடிக்கவே தண்ணி இல்லன்னு முயலும் தேவாங்கும் சொல்றாங்க. நான் அந்தக் கதையில இருந்தா, மதகைத் திறங்கன்னு அப்பாகிட்டக் கேட்பேன். கேட்டா திறந்துடுவாரு. கேக்கத்தான் பயமா இருக்கு."

இதில் உம் எழுத்தர் உமக்குப் படித்துக் காட்டியது மதகு இருக்கும் இடம் தெரியும் என்னும் ஒரு வரி மட்டுமே.

மாறவேளே, கோமான் இதுவரை பொன்வாள் ஈந்தது ஒருவருக்கே. சுரைக்குடுவையைப் பிடித்திருந்த கை எவ்வளவு சிறியது என்பதைக் காவலன் ஒருவன் குதிரைவீரனிடம் தனித்து அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். அவன் பெயரை அறிய முயலாதீர்.

இனிக் கோமானின் ஆணை. இவ்வோலை கொணரும் புதிய படைத்தலைவனிடம் கோட்டையையும் வாளையும் அன்றே ஒப்படைப்பீராக. பொழுது சாயுமுன் மலைக்குச் செல்லும் மதகைத் திறப்பீராக. பலகைக்கல்லை ஆள்விட்டு அகற்றாமல் உம் கையாலேயே அகற்றி, இன்னும் தொட்டியிலேயே கிடக்கும் எயிற்றியின் உடலைத் தேனடுக்கம் வரை வெறுங்காலோடு நடந்து சுமந்து சென்று ஊராரிடம் சேர்ப்பீராக. அவர்கள் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டு நிற்பீராக. அதன்பின் நீலந்துறைக்கு வந்து தீர்ப்புக்கு நிற்பீராக.

அரிஞ்சியார் தமக்கும் தண்டனை வேண்டும் என்று கோமானின் காலைப் பிடித்தார். தேனடுக்கத்துப் பிள்ளைகளிடம் எயிற்றி இறந்ததைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. இவ்வோலைக்குப் பின்னே அவர் மாட்டுவண்டியில் வந்துகொண்டிருக்கிறார். என்ன சொல்வது என்று இன்னும் தமக்குத் தெரியவில்லை என்று கூறிப் புறப்பட்டார். ஏழு வளைக் கதைக்கு நூறு படிகள் எழுத ஆணையாயிற்று. தேவாங்கைப் பற்றிய வரியை எயிற்றி மாற்றியிருப்பாள். இனி மாற்ற ஆளில்லாததால் அது அப்படியே நிற்கும்.

சுவடி இவ்வோலையோடு உம்மிடம் திரும்பி வருகிறது. அதன் முடிவில் வெற்றேடு ஒன்று மிச்சமிருக்கிறது. முதல் ஏடு தொடங்கி ஒரு வரியும் விடாமல் படித்தபின், அந்தக் கதைக்குள் நீர் இருந்தால் என்ன செய்வீர் என்பதை அதில் எழுதுவீராக. வயது வந்தவர் ஆகையால் உம் சொந்தப் பெயரிட்டு எழுதுவீராக. உம் இல்லத்துப் பிள்ளையை ஒன்றும் கேளாதீர், கடிந்து பேசாதீர். எயிற்றியக்கா எங்கே என்று அவள் கேட்டால் பொய் சொல்லாதீர்.

கோமானின் பொறை முத்திரை பதித்து, செம்பட்டு நூலால் கட்டி, நீலந்துறை அரசவை ஒருமனதாக விடுத்த கட்டளை இது. நீர் கேட்டு எயிற்றி சொல்லாத பெயர் இவ்வோலையிலும் எழுதப்படவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.