சின்னையா அண்ணன் கட்டிய புகைபோக்கி

22 ஜனவரி 1934, திங்கள்

புதுப் பங்களாவில் இன்று கணப்பு மூட்டிப் பார்த்தோம். வீட்டை ஒப்படைக்குமுன் எங்கள் கம்பெனியில் எப்போதும் செய்வதுதான். நான் உள்ளே விறகைப் பற்றவைப்பேன். சின்னையா கொத்தனார் வெளியே நின்று புகைபோக்கியைப் பார்ப்பார். இன்றும் பழக்கத்தில், "அண்ணே, புகை போகுதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் இறந்து பன்னிரண்டு நாளாகிறது. காய்ச்சல் என்று லீவு கேட்டவரை, "புகைபோக்கிய முடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று நிறுத்தியவன் நான். முடித்துவிட்டுத்தான் சொந்த ஊரான வில்பட்டிக்குப் போய்ப் படுத்தார். பிறகு எழவில்லை.

அந்த நேரம் பார்த்து மானேஜர் உள்ளே வந்தார்.

"என்னப்பா, கண்ணெல்லாம் கலங்கிக் கெடக்கு?"

"புகைங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப புகைபோக்கி சரியில்ல. நாளைக்கு வெள்ளனே பழனியிலருந்து புதுக் கொத்தனார் வாராரு. மொதச் சோலியா அத இடிச்சுக் கட்டச் சொல்லு."



அறைக்குள் ஓர் இழை புகைகூட வரவில்லை. விடிந்ததும் போய் மானேஜரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு எதற்குக் கண் கலங்கியது என்று கேட்பார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.