செனட்டர் உன்ர பெயரில் சொன்ன மன்னிப்பு

என்ர ஆசைத் திரேசா,

அன்றைக்குக் கடற்கரையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுறன். பிறகு ஒருத்தரும் நான் நிற்கவில்லை என்று கதைவிடக் கூடாது. நீ. உனக்குப் பக்கத்தில் நான். உன்ர புருசனும் என்ர தம்பியுமான சூசை, தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு. எங்கட பங்குச் சுவாமி. ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார். கொழும்பிலிருந்து மொழிபெயர்க்க வந்த கண்ணாடிக்காரப் பெட்டை. படம் பிடிக்கிற ஒருத்தன். நடுவில் அமெரிக்கச் செனட்டர், வெயிலில் அவிந்த இறால் மாதிரி முகத்தோடு. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், ஆமி பிடித்து வைத்திருக்கிற எங்கட காணியில், துவக்கோடு நின்றவையின்ர பெயர் எனக்குத் தெரியாது.

அந்தச் செனட்டர் போன மாதம் செத்துப்போனார். அங்கே மோட்சத்தில் உன்னைக் கண்டால் கட்டாயம் கை குலுக்க வருவார். கையை மடியில் வைத்துக்கொண்டு இரு.

பேத்தி மெரினா அவர் சீவித்த கதை முழுவதையும் போனில் பார்த்து எனக்கு வாசித்துச் சொன்னாள். சப்பாத்துக் கடைக்காரனின் மகனாம். சட்டம் படித்தாராம். முதல் தேர்தலில் தோற்றாராம். அடுத்த முறை ஏதோ ஒரு யுத்தத்துக்குப் போகவேணும் என்று கத்திக் கத்தி வென்றாராம். பத்து வருசம் கழித்து அதே யுத்தம் பிழை என்று சபையில் நின்று அழுதாராம். அதற்கும் சனம் வோட்டுப் போட்டதாம். சண்டைக்கும் வோட்டு, கண்ணீருக்கும் வோட்டு. நல்ல தொழில்தானே?

"முப்பது வருசமாய் ஒரே கதிரையாம், அம்மம்மா."

"எழும்பவே இல்லையோடி?"

"கடைசிக் காலத்தில சபையிலயே நித்திரையாம். பக்கத்தில இருக்கிறவர் தட்டி எழுப்பித்தான் கையை உயர்த்த வைக்கிறதாம்."

இந்த மனிசனுக்காகத்தானே நீ மடு மாதா கோயிலுக்கு நடந்தனீ?

அன்றைக்கு நீ அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கம்பிக்குள்ளே கையைக் காட்டினாய். "அந்தப் பனைக்குக் கீழதான் ஐயா என்ர மூத்தவன் கிடக்கிறான். கடைசிச் சண்டை நேரம் ஷெல் பட்டுச் செத்தவன். நாங்களே கையால கிண்டித் தாட்டனாங்கள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு உள்ளுக்க போய் ஒரு மெழுகுதிரி கொளுத்த விடச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்." கண்ணாடிக்காரி அதைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாள், சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கினது. செனட்டர் உன்ர இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். "மறக்கமாட்டாராம்" என்றாள் அவள். பிறகு படம். சிரிக்கச் சொன்னார்கள். நீ சிரிக்கவில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாய். படத்தில் அது சிரிப்பு மாதிரித்தான் கிடக்குது.

அவர் திரும்பத் தேர்தலில் நிற்கிறார் என்று ரேடியோவில் கேட்டவுடன் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாய். "அவர் வெண்டால்தானே மச்சாள், கம்பி திறக்கும்?" அவர் வென்றார். நீயும் சொன்னபடி வவுனியாவில் பஸ்ஸால் இறங்கி வெறுங்காலோடு நடந்தாய். உன்ர செருப்பையும் தண்ணிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, உன்னை ஏசிக்கொண்டே நான் பின்னால் வந்தனான்.

"மாதாவுக்கு அமெரிக்காவில வோட்டு இல்லையடி. அந்தாள் தன்ரபாட்டில வெண்டது."

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ மச்சாள். அவாவுக்குக் காது கேக்கும்."

கொப்புளம் உடைந்து புண்ணாகி, எத்தனை நாள் உன்ர காலுக்கு நான் மஞ்சள் அரைத்துப் பூசினனான்? அதற்குள் அந்தாள் என்ன செய்தார் தெரியுமோ? எங்கட நாட்டுக் கதை அவையின்ர சபையில் எடுத்த நாளில், தன்ர ஊரில் சோளக் கண்காட்சிக்கு நாடா வெட்டப் போயிருந்தாராம்.

ஆனால் உன்னை மட்டும் விடவில்லை. கோயில் கோயிலாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக உன்ர கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். பெயர் இல்லை, "ஒரு கடற்கரைத் தாய்" என்றுதான். மகனைக் கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அந்தத் தாய் தன்ர கையைப் பிடித்துச் சொன்னாளாம். மன்னிப்பு என்றால் என்ன என்று அவளிடம்தான் படித்தாராம். நான் நம்பாமல் மெரினாவைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்பவும் அதுதான்.

அந்தச் சொல்லை நீ அன்றைக்கு வாயில் எடுத்தனீயோ? எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே நான் உன்னைக் கிள்ளியிருப்பேன். மன்னிப்புத் தா என்று உன்ர வாசலுக்கு ஆர் வந்தவை? கேளாதவனுக்கும் அள்ளி ஊத்த அதென்ன கஞ்சியோ?

பொய் சொல்லுறது அவையின்ர பிழைப்பு, அதை விடு. இப்ப நடக்கிறதைக் கேள். செனட்டரின் மகள் எங்கட மீனவர் சங்கத்துக்கு ஒரு கட்டிடம் கட்டித் தாறாவாம். வாசலில் தகப்பன் நினைவாக ஒரு கருங்கல். கல்லில் உன்ர படம், அந்தச் சுருங்கின கண்ணோடு. கீழே மூன்று பாஷையில் "நான் மன்னித்துவிட்டேன்". கம்பிவேலிக்கும் கல்லுக்கும் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. கம்பி அப்படியேதான் கிடக்குது, திரேசா. உன்ர பிள்ளைக்கு இன்னும் ஒரு திரி எரியவில்லை.

சங்கத் தலைவர் ஆர்? சூசைதான். அந்த வசனத்துக்குச் சம்மதம் குடுத்தவனும் அவன்தான். கேள்விப்பட்ட அன்றைக்கே வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

"திரேசா அப்பிடிச் சொன்னவளோடா?"

"சொல்லேல்லை."

"பின்னை?"

"அக்கா, அவளும் இல்லை, செனட்டரும் இல்லை. செத்த ரெண்டுபேர் கதைச்சதுக்கு ஆர் சாட்சி சொல்லப்போகினம்?"

"நான் இருக்கிறன்."

"இருங்கோ, ஆர் வேண்டாமெண்டது? சங்கத்துக்கு ஓடு போட்ட கட்டிடம் வருது. ஒரு வசனத்தால ஆருக்கு என்ன நட்டம்?"

நட்டமில்லையாம். பனைக்குக் கீழே கிடக்கிறவனை அவனும்தானே தோளில் வைத்துத் திரிந்தவன்? குழி கிண்டின கையில் ஒன்று அவனுடையதுதானே? எழும்பி வந்துவிட்டேன். அவன் வீட்டில் தண்ணியும் குடிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடியத் திறப்பு. மூத்தவள் என்று என்னைத்தான் கல்லை மூடின துணியை இழுக்கக் கேட்டிருக்கிறான். நான் போவன். கஞ்சி போட்ட சீலை உடுத்துக்கொண்டு போவன். துணியில் கை வைக்கமாட்டன். செனட்டரின் மகளுக்கு நேரே நின்று நீ கேட்டதைக் கேட்டபடியே சொல்லுவன், பனையைக் கையால் காட்டிச் சொல்லுவன். கட்டிடம் வராமல் போனால் போகட்டும். ஊர் என்னைப் பேசும், பேசட்டும். நீ சொல்லாததை உன்ர முகத்துக்குக் கீழே வெட்டி நிறுத்த நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டன். இது உனக்குத் தாற வாக்கு.

செனட்டரை மன்னிக்கிறதோ விடுறதோ என்று நான் யோசிக்கவும் இல்லை. வழியால் வந்தவர், வழியால் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவையை ஆண்டவர் பார்ப்பார். நீ இளகின மனசுக்காரி, கட்டினவன் என்று இரங்கினாலும் இரங்குவாய். நான் இரங்கமாட்டன். இடுப்பில் வைத்து நான் சோறு தீத்தி வளர்த்த என்ர தம்பி சூசையை நான் மன்னிக்கமாட்டன்.

உன்ர மச்சாள்,
பிலோமினா