தண்ணீர் விழவில்லை

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. காபிப் பொடி தீர்ந்தது.

பழக்கத்தில் மொட்டை மாடிக்குப் போனேன். மேற்கே மலையும் இல்லை, அருவியும் இல்லை. பக்கத்து முருகேசன் லாட்ஜில் புதிதாக எழுப்பிய மூன்றாம் மாடிச் சுவர்தான். பூச்சுகூட இன்னும் முடியவில்லை. கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்ததிலிருந்து சீசனில் எனக்கு முதல் வேலை இதுதான்: மாடியேறி, குற்றாலத்து மெயின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பது. மதுரையோ சிவகாசியோ, யார் போன் போட்டாலும் முதல் கேள்வி, “தண்ணி விழுதா?” மீனாட்சி டீச்சர் விழுது என்றால் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

இன்று பால்காரரிடம் கேட்டேன். “ரெண்டு நாளா நல்லா ஊத்துது டீச்சர். ஐந்தருவியும் விழுது.” என் அருவியைப் பற்றி எனக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

ஜூன் 13, வெள்ளி

வாங்க: கா. பொடி, நல்லெண்ணெய், சீயக்காய், நிலாவுக்குச் சின்னத் துண்டு.

மகன் செந்தில் 28ஆம் தேதி சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். பேத்தி நிலாவுக்கு நாலு வயது, இன்னும் அருவியைப் பார்த்ததில்லை. செந்திலை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து காட்டினேன். அவளுக்கு எதைக் காட்ட? சிமெண்டையா?

சாயங்காலம் முருகேசன் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். பிளஸ் டூவில் என்னிடம் பொருளியல் படித்தவன்.

“மூணாவது மாடி ரூமுக்கெல்லாம் ஃபால்ஸ் வியூன்னு பேரு வச்சிருக்கேன் டீச்சர். சனிக்கிழமைகளெல்லாம் புக்காயிட்டு. எப்ப வேணும்னாலும் மேல வந்து பாருங்க, உங்களுக்கு இல்லாததா?”

அவனே தொடர்ந்தான். “எல்லாம் நீங்க நடத்துன பாடந்தான் டீச்சர். பொருளாதார வளர்ச்சி.”

வளர்ச்சிக்கும் முன்னேற்றத்துக்கும் வேறுபாடு எழுதுக, ஐந்து மதிப்பெண். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தான். பூஜ்யம் போட்டேன். அதே விடையை இப்போது மூன்று மாடியாகக் கட்டி என் தலைக்கு மேல் நிறுத்தியிருக்கிறான். டிவியிலும் அதே பாட்டு, நாடு வேகமாக வளருகிறதாம். அந்தச் சுவர் மேற்குக் காற்றை மறித்ததால் போன மாதம் எனக்கொரு ஃபேன் வாங்கினேன். அதுவும் வளர்ச்சியில் சேரும்.

ஜூன் 14, சனி

மதினி போன், மதுரையிலிருந்து. என் வீட்டுக்காரருடைய அக்கா. அடுத்த சனிக்கிழமை ரெண்டு வேன் நிறைய வருகிறார்களாம். முருகேசன் லாட்ஜில்தான் ரூம், மேல் மாடி முழுக்க.

“ஏட்டி மீனா, தண்ணி விழுதா?”

வாயில் தானாக வந்தது. “விழல மதினி. நூல் மாதிரிகூட இல்ல. வெறும் பாறைதான் தெரியுது.”

“அப்படியா? ஒன் பக்கத்து வீட்டுக்காரன் கொட்டுதுங்கானே.”

“லாட்ஜ் வச்சிருக்கவன் வேற என்ன சொல்லுவான்?”

கூசவே இல்லை. ஆயுள் முழுக்க வகுப்பெடுத்த வாய், பொய்யும் தெளிவாக வந்தது. மத்தியானம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. தேங்காய் எண்ணெய் உறைகிற குளிர்.

சிவகாசியிலிருந்து பழைய மாணவன். அச்சகம் வைத்திருக்கிறான், வருஷா வருஷம் வேலையாட்களைக் குளிக்கக் கூட்டி வருவான். அவனுக்கும் விழவில்லை என்றேன். “நீங்க சொன்னா சரி டீச்சர்” என்று ரூமை வேண்டாம் என்றுவிட்டான். நல்ல பிள்ளை.

ஜூன் 21, சனி

லாட்ஜ் வாசலில் ஒரு வண்டி இல்லை, மதினியின் ரெண்டு வேனும் வரவில்லை. முருகேசன் படியில் உட்கார்ந்து யாருக்கோ போனில், “சத்தியமா ஊத்துது சார், வீடியோ அனுப்புதேன் சார்.” ஜன்னல் வழியாகக் கேட்டேன். தேன் குடித்தது போல இருந்தது. தென்காசி பஸ்ஸில் ஈரத் தலைகளாகப் போகிறார்கள். அவனிடம்தான் யாரும் இல்லை.

பாக்கியம் சீக்கிரமே பாத்திரம் தேய்க்க வந்துவிட்டாள். லாட்ஜில் போர்வை துவைக்கிற வேலையும் பார்க்கிறாள்.

“ஆளு வரலியாம் டீச்சர். இந்த வாரம் வர வேண்டாம்னுட்டாவ.”

சுருக்கென்றது. அவள் முகத்தைப் பார்க்காமல் ரெண்டு தோசை கூட ஊற்றிக் கொடுத்தேன். இதுவும் அவனால்தான். அவன் கட்டாமல் இருந்திருந்தால் நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்?

சேமியா பாயசம் வைத்தேன். எனக்கு மட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

வெயிலும் சாரலும். முறுக்கு சுட்டு டின்னில் போட்டாயிற்று. துண்டு வாங்கியாயிற்று, மஞ்சளில் வாத்து போட்டது.

செந்தில் போன். “அம்மா, கொடைக்கானலுக்கு ரூம் போட்டாச்சு.”

எனக்குப் புரியவில்லை.

“மதுரை அத்தை குரூப்ல போட்டிருந்தாங்களே, தண்ணி இல்லன்னு நீங்க சொன்னதா. எனக்கு இந்த ஒரு வாரந்தான் லீவு. நிலா அருவி அருவின்னு அழுதா, சமாதானம் பண்ணியாச்சு.”

“இப்ப விழுதுடா. நல்லா விழுது.”

சிரித்தான். “எங்கள வரவைக்கச் சொல்லுதீங்க. தீபாவளிக்குப் பாப்போம்மா.” பிறகு, “முருகேசன் அண்ணனுக்குக்கூடப் போன் போட்டேன். ஜோரா ஊத்துது, புள்ளையக் கூட்டிட்டு வா, டீச்சர் வழி பாத்துட்டு இருப்பாவன்னாரு. லாட்ஜ் வச்சிருக்கவரு வேற என்ன சொல்லுவாரு? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். சுவர்.

முருகேசன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அதற்காகவும் அவனை மன்னிக்க மாட்டேன்.